'லீஜ் அண்ட் லீஃப்': ஒரு பிரிட்டிஷ் ஃபோக் ராக் ஆல்பத்தைப் புதிதாகக் கேட்பவர்களுக்கு

ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் 'லீஜ் அண்ட் லீஃப்' ஆல்பத்தை யாரோ சொன்னார்கள் என்று ஒரு தடவை ஓடவிட்டு, ஃபிடில் நன்றாக இருக்கிறது, பாடகியின் குரல் அருமை, ஆனால் இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பிடிபடாமல் விட்டுவிட்டவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். 1969 டிசம்பரில் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட இந்த ஆல்பத்துக்கு 2006-இல் பிபிசி ரேடியோ 2 நாட்டுப்புற இசை விருது விழாவில், இதுவரை வந்தவற்றிலேயே அதிகத் தாக்கம் செலுத்திய ஃபோக் ஆல்பம் என்ற பட்டம் கிடைத்தது. அது உண்மைதான் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் பட்டத்தை நம்பி உள்ளே போனால் உதவாது, ஏனென்றால் இது கதை கேட்க வேண்டிய ஆல்பம். கதை தெரியாமல் மெட்டை மட்டும் கேட்டால் கையில் பாதிதான் கிடைக்கும்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்தின் பழைய கதைப்பாட்டுகளுக்கு ஒரு குணம் உண்டு. யார் எங்கே போனார்கள், என்ன செய்தார்கள், என்ன பேசினார்கள் என்பதை மட்டும் சொல்லும். ஏன் செய்தார்கள், செய்தபோது மனசு எப்படி இருந்தது என்று பெரும்பாலும் சொல்லவே சொல்லாது. அந்தச் சொல்லாத பகுதியை இந்தக் குழு எலெக்ட்ரிக் கிதாரிலும் ஃபிடிலிலும் டிரம்ஸிலும் வாசித்தது. இதை மனசில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

கேட்க உட்காருவதற்கு முன்

முதலில் சரியான பட்டியல். அசல் ஆல்பத்தில் 8 உருப்படிகள்தான், மொத்தம் சுமார் 40 நிமிடம். பின்னால் வந்த மறுபதிப்புகளில் கூடுதல் பாடல்களைச் சேர்த்திருக்கிறார்கள், நீங்கள் பாட்டு கேட்கிற ஆப்பில் 10 பாடல்களோ அதற்கு மேலோ காட்டலாம். 'கிரேஸி மேன் மைக்கேல்' முடிந்ததும் நிறுத்திவிடுங்கள், ஆல்பம் அங்கேதான் முடிகிறது. கூடுதல் பாடல்களுக்கு அப்புறம் வருவோம். ஷஃபிள் வேண்டாம். இசைத்தட்டின் முதல் பக்கத்துக்கு நான்கு, இரண்டாம் பக்கத்துக்கு நான்கு என்று யோசித்து அடுக்கியது அது.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இதை மேட்டிமைக்காகச் சொல்லவில்லை. ஆஷ்லி ஹட்சிங்ஸின் பேஸ் கிதார்தான் இந்தப் பாடல்களை நடத்திக்கொண்டு போகிறது, போன் ஸ்பீக்கரில் அது சுத்தமாகக் காணாமல் போய்விடும். சாதாரண ஹெட்போன் போதும்.

பாடல் வரிகளைக் கேட்கும்போதே படித்துக்கொண்டு போவதைவிட, முன்னாலேயே ஒரு தடவை கதையாகப் படித்துவிட்டு, மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள். வரிகளை விரலால் பின்தொடர்ந்துகொண்டே போனால் காது வேலை செய்யாது. பழைய சொற்கள் கொஞ்சம் வரும்: கர்ட்டில் என்றால் பெண்கள் உடுத்தும் நீள உடை, மேண்டில் என்றால் மேலே போர்த்துகிற அங்கி. இந்த இரண்டும் தெரிந்தால் 'டாம் லின்' பாட்டின் முக்கால்வாசி வழி திறந்துவிடும்.

இவர்கள் யார், ஏன் இப்படி ஒரு ஆல்பம்

நீளமாக வரலாறு படிக்கத் தேவையில்லை, ஆனால் ஒரு விஷயம் தெரியாமல் இந்த ஆல்பத்துக்குள் போகக் கூடாது. ஃபேர்போர்ட் 1967-இல் வடக்கு லண்டனில் ஆரம்பித்த குழு. தொடக்கத்தில் அமெரிக்கப் பாணியில்தான் வாசித்தார்கள். 1969 மே 12 அன்று, பர்மிங்காமில் நிகழ்ச்சி முடித்துவிட்டு லண்டன் திரும்பும் வழியில் எம்1 நெடுஞ்சாலையில் அவர்களுடைய வேன் விபத்துக்குள்ளானது. டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிள் இறந்துபோனார், வயது 19. கிதார் கலைஞர் ரிச்சர்ட் தாம்ப்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்துபோனார். வேனில் இருந்த மற்றவர்கள் உயிர் தப்பினார்கள். குழுவைக் கலைத்துவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். தொடர்வது என்று முடிவானபோது, லாம்பிளோடு வாசித்த பாடல்களை மறுபடி வாசிக்க மனம் வரவில்லை. புதிதாக ஒன்று வேண்டியிருந்தது.

அந்தப் புதிய வழிக்கான விதை ஏற்கெனவே விழுந்திருந்தது. விபத்துக்கு முன்பே பதிவு செய்து, ஜூலையில் வெளிவந்த 'அன்ஹாஃப்பிரிக்கிங்' ஆல்பத்தில் 'எ செய்லர்ஸ் லைஃப்' என்ற நாட்டார் பாடலை 11 நிமிடத்துக்கு நீட்டி வாசித்திருந்தார்கள், விருந்தாளியாக வந்த டேவ் ஸ்வார்பிரிக் அதில் ஃபிடில் வாசித்திருந்தார். இன்னொரு பக்கம், தி பேண்ட் குழுவின் 1968 ஆல்பம் இவர்களை உலுக்கியிருந்தது. அமெரிக்க மண்ணின் இசையை அவர்கள் அந்த அளவுக்கு உள்ளே போய் வாசித்துவிட்டார்கள், இனி நாம் அதை நகல் எடுப்பதில் அர்த்தமில்லை, நம் மண்ணில் என்ன இருக்கிறது பார்ப்போம் என்ற எண்ணம் வந்தது.

ஸ்வார்பிரிக் நிரந்தரமாகச் சேர்ந்தார். டிரம்ஸுக்கு டேவ் மாட்டக்ஸ் வந்தார், அவர் நடன அரங்குகளில் வாசித்துப் பழகியவர். பாடகி சாண்டி டென்னி, தாம்ப்சன், ஹட்சிங்ஸ், தாள கிதார் வாசித்த சைமன் நிகோல் ஆகியோரோடு சேர்த்து ஆறு பேர். வின்செஸ்டருக்குப் பக்கத்தில் ஃபார்லி சேம்பர்லெய்ன் என்ற கிராமத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து அந்தக் கோடை முழுக்க அங்கேயே தங்கிப் பயிற்சி செய்தார்கள். ஹட்சிங்ஸ் லண்டனில் உள்ள செசில் ஷார்ப் இல்லத்தின் நூலகத்துக்குப் போய்ப் பழைய பாடல் தொகுப்புகளைப் புரட்டினார். டென்னிக்கும் ஸ்வார்பிரிக்குக்கும் ஃபோக் கிளப்புகளில் பாடி வாசித்த காலத்திலிருந்தே பல பாடல்கள் மனப்பாடம். இலையுதிர் காலத்தில் லண்டன் சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டுடியோவில் ஜோ பாய்ட் தயாரிப்பில் பதிவு நடந்தது.

முதலில் கேட்க வேண்டியது மூன்றாவது பாடல்

வரிசைப்படி கேளுங்கள் என்று பலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முதல் தடவை 'மேட்டி குரோவ்ஸ்' பாடலை மட்டும் தனியாகக் கேளுங்கள். 8 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். கதை இது.

ஒரு பண்டிகை நாள். லார்ட் டொனால்டின் மனைவி தேவாலயத்துக்கு வருகிறாள். வழிபாடு முடிந்ததும் கூட்டத்தில் மேட்டி குரோவ்ஸ் என்ற இளைஞனைப் பார்க்கிறாள், இன்றிரவு என்னோடு வா என்கிறாள். உன் விரலில் இருக்கும் மோதிரத்தைப் பார்த்தால் நீ பிரபுவின் மனைவி என்று தெரிகிறது, நான் வர மாட்டேன் என்கிறான். ஆமாம், ஆனால் அவர் வீட்டில் இல்லை, தூரத்து வயல்களுக்குப் போயிருக்கிறார் என்கிறாள். பக்கத்தில் நின்ற வேலைக்காரன் இதைக் கேட்டுவிடுகிறான், பொழுது சாய்வதற்குள் எசமானுக்குச் செய்தி போய்ச் சேரும் என்று சபதம் போட்டுக்கொண்டு ஓடுகிறான். அகலமான ஓடை குறுக்கே வருகிறது, காலணியைக் கழற்றிவிட்டு நீந்துகிறான். மேட்டி தூங்கிவிடுகிறான். கண் விழித்தால் கால்மாட்டில் லார்ட் டொனால்ட் நிற்கிறார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்த வேலைக்காரன் காலணியைக் கழற்றினான் என்பதைச் சொல்லப் பாட்டுக்கு நேரம் இருக்கிறது. செய்தி கேட்ட பிரபுவின் முகம் எப்படி இருந்தது, எந்த வழியாக வந்தார், யாரோடு வந்தார் என்று ஒரு சொல் கிடையாது. ஓடைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, ஒரே தாவல். எங்கே நின்று பார்க்கும், எங்கே தாவிப் போகும் என்பதுதான் இந்த வகைப் பாடலின் உயிர். பல தலைமுறைகள் வாய்வழியாகப் பாடிப் பாடி, தேவையில்லாதது உதிர்ந்து, பளிச்சென்ற காட்சிகள் மட்டும் தங்கிவிட்டன.

மீதிக் கதை. என் மெத்தை பிடித்திருக்கிறதா, என் விரிப்பு பிடித்திருக்கிறதா, உன் கைகளில் தூங்குகிற என் மனைவி பிடித்திருக்கிறதா என்று பிரபு நிதானமாகக் கேட்கிறார். எழுந்து உடுத்திக்கொள், உடையில்லாதவனைக் கொன்றேன் என்று ஊர் சொல்லக் கூடாது என்கிறார். உங்களிடம் இரண்டு வாள், என்னிடம் ஒரு பேனாக்கத்திகூட இல்லை என்கிறான் மேட்டி. நல்ல வாளை நீ எடுத்துக்கொள், முதல் வெட்டும் உனக்கே என்கிறார். முதல் வெட்டில் பிரபுவுக்குக் காயம், அடுத்த வெட்டில் மேட்டி முடிந்துபோகிறான். மனைவியிடம், இப்போது சொல், உனக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்கிறார். செத்துக் கிடக்கும் மேட்டியின் முத்தமே போதும் என்கிறாள். அவளையும் கொன்றுவிடுகிறார். இருவரையும் ஒரே குழியில் புதையுங்கள், ஆனால் அவளை மேலே வையுங்கள், அவள் உயர்குலத்தவள் என்பதுதான் பாட்டின் கடைசி வரி.

இவ்வளவையும் சாண்டி டென்னி குரலை உயர்த்தாமல், அழாமல், ஏதோ நடந்ததைச் சாட்சி சொல்வது மாதிரி பாடுகிறார். நிறைய பேர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள், உணர்ச்சியே இல்லையே என்று நினைக்கிறார்கள். பொறுங்கள். கடைசி வரி முடிந்ததும் பாட்டு நிற்காது. தாளம் முறுகும், ஸ்வார்பிரிக்கின் ஃபிடிலும் தாம்ப்சனின் கிதாரும் ஒன்றையொன்று துரத்த ஆரம்பிக்கும், முடியும் வரை இறங்கவே இறங்காது. மூன்று பேருக்கும் உள்ளே என்ன நடந்தது என்று பாட்டு சொல்லாமல் விட்டதெல்லாம் அங்கே வருகிறது. அந்தப் பகுதியைக் கிதார் சாகசம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டால் கதையின் முடிவைத் தாண்டிப் போய்விடுகிறீர்கள்.

இந்தப் பாட்டின் வயதையும் சொல்லிவிடுகிறேன். 1613-இல் அச்சான ஓர் ஆங்கில நாடகத்தில் இதன் வரிகள் வருகின்றன, அதாவது அப்போதே மக்களுக்குத் தெரிந்த பாட்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட், இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கதைப்பாட்டுகள் 305-ஐ வரிசை எண் போட்டுத் தொகுத்தார், அதில் இது 81-ஆம் எண். அங்கே நாயகன் பெயர் லிட்டில் மஸ்கிரேவ், பிரபுவின் பெயர் பர்னார்ட். கப்பலேறி அமெரிக்கா போய் அங்கே அப்பலாச்சிய மலைப்பகுதிகளிலும் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டது. ஃபேர்போர்ட் பயன்படுத்திய மெட்டே 'ஷேடி குரோவ்' என்ற அப்பலாச்சியப் பாட்டின் மெட்டுக்கு உறவுதான்.

இரண்டாவது நாள்: 'டாம் லின்'

இதை மேட்டிக்கு அடுத்து உடனே கேட்காதீர்கள், ஒரு நாள் விடுங்கள். என் கணக்கில் ஆல்பத்தின் சிகரம் இதுதான், ஆனால் முதல் தடவையிலேயே பிடிபடாது.

இடம் உண்மையானது. ஸ்காட்லாந்தில் செல்கிர்க் அருகே எட்ரிக், யாரோ (Yarrow) என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் கார்ட்டர்ஹா இருக்கிறது. அங்கே போகாதீர்கள், போனால் டாம் லின் ஏதாவது ஒன்றைப் பிடுங்காமல் விடமாட்டான், பச்சை மேலங்கியையோ கன்னிமையையோ என்று பெண்களை எச்சரிப்பதோடு பாட்டு ஆரம்பிக்கிறது. உடனே ஜேனட் என்ற பெண் தன் பச்சை உடையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு அங்கேதான் போகிறாள். ரோஜா பறிக்கிறாள். அவன் தோன்றுகிறான், என் அனுமதி இல்லாமல் ஏன் வந்தாய் என்கிறான். வருவேன், போவேன், உன்னை எதற்குக் கேட்க வேண்டும் என்கிறாள்.

கர்ப்பமாகிறாள். அப்பா கேட்கிறார், யாரிடமும் தலைகுனியாமல் பதில் சொல்கிறாள், திரும்ப அதே உடையை அதே மாதிரி செருகிக்கொண்டு கார்ட்டர்ஹா போகிறாள். அந்த இரண்டாவது தடவை அதே வரிகள் திரும்ப வருவதைக் கவனியுங்கள். முதலில் துணிச்சலாகக் கேட்டது இப்போது வேறு மாதிரி கேட்கும், காரணம் அவள் இப்போது என்ன சுமந்துகொண்டு போகிறாள் என்று நமக்குத் தெரியும். தான் பிறவியில் மனிதன், குதிரையிலிருந்து விழுந்தபோது தேவதைகளின் ராணி பிடித்துக்கொண்டாள் என்கிறான் டாம் லின். ஏழு வருடத்துக்கு ஒரு முறை அவர்கள் நரகத்துக்குக் கப்பம் கட்ட வேண்டும், இந்தத் தடவை அது நானாக இருக்கலாம், இன்று ஹாலோவீன் இரவு, ஊர்வலத்தில் வெள்ளைக் குதிரையில் வருவேன், என்னை இழுத்துக் கீழே போடு, என்ன நடந்தாலும் விடாதே என்கிறான். உன் கையில் நான் பாம்பாக மாறுவேன், சிங்கமாக மாறுவேன், கடைசியில் உடையில்லாத மனிதனாவேன், அப்போது உன் மேலங்கியால் போர்த்திவிடு என்கிறான்.

அவள் அப்படியே செய்கிறாள். இந்தக் கதையில் காப்பாற்றுவது பெண், காப்பாற்றப்படுவது ஆண். அதைவிட முக்கியம், காப்பாற்ற வேண்டிய முறை: போரிட வேண்டியதில்லை, கையில் இருப்பது எதுவாக மாறினாலும் பிடியை விடாமல் இருக்க வேண்டும். அப்புறம் முடிவில் கல்யாணம், மகிழ்ச்சி எதையும் காட்டாமல் கடைசிப் பேச்சைத் தேவதை ராணிக்குக் கொடுத்துவிடுகிறது பாட்டு. இது முன்பே தெரிந்திருந்தால் இவனை மரமாக்கியிருப்பேனே என்று அவள் ஆத்திரப்படுவதோடு பாட்டு முடிகிறது.

தாம்ப்சனின் கிதார் ஒரு கனமான துண்டை அடித்து அடித்து நிறுத்தும். தாளம் நேராக ஓடாது, இடறி இடறி நடக்கும், நீங்கள் காலைத் தட்டிக்கொண்டே கேட்டால் கால் தப்பும். அதுதான் சரி, ஏனென்றால் தரையே உறுதியில்லாத ஓர் இடத்தில் நடக்கிற கதை இது. மாட்டக்ஸின் டிரம்ஸைத் தனியாகக் கவனித்துப் பாருங்கள், எவ்வளவு குறைவாக அடிக்கிறார், அடித்த இடத்தில் எவ்வளவு கனம் என்று.

இதன் மிகப் புகழ்பெற்ற எழுத்து வடிவம் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் மூலம் 1796-இல் அச்சானது. சைல்ட் தொகுப்பில் 39-ஆம் எண்.

அடுத்து சின்னப் பாடல்கள்

'ரெய்னார்டைன்' பாடலில் கதை என்று பெரிதாக இல்லை. மலையில் ஒரு பெண், அவளை மயக்கிக் கூட்டிக்கொண்டு போகிற ஒரு ஆண், அவன் பெயரில் நரி இருக்கிறது (பிரெஞ்சில் ரெனார் என்றால் நரி). அவன் பற்கள் பளபளத்தன என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான் துப்பு, மீதியை நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும். நிலையான தாளமே கிடையாது, சிம்பல் அலையலையாக வந்துகொண்டிருக்கும், குரல் அதன் மேல் மிதக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

'தி டெசர்ட்டர்' அதற்கு நேர் எதிர். ராணுவத்துக்கு ஆள் பிடிக்கிறவர்களிடம் மாட்டிக்கொண்டவன் ஓடிவிடுகிறான். முதலில் தோழன் காட்டிக்கொடுக்கிறான், 303 கசையடி. மறுபடி ஓடுகிறான், காதலி காட்டிக்கொடுக்கிறாள், மரண தண்டனை. அந்த நேரத்தில் இளவரசர் ஆல்பர்ட் வண்டியில் வந்து அவனை விடுவிக்கிறார். துயரமான மெட்டில் நல்ல முடிவு, அது மனசில் ஒட்டுவதே இல்லை, அந்த ஒட்டாமை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆல்பத்தில் மூன்று பாடல்கள் புதிதாக எழுதியவை. 'கம் ஆல் யீ' டென்னியும் ஹட்சிங்ஸும் எழுதியது, எல்லாரும் வாருங்கள் என்று கூப்பிட்டு, வாத்தியங்களை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்கிற தொடக்கப் பாட்டு. நல்ல பாட்டுதான், ஆனால் இதை வைத்து மற்றவற்றை எடைபோடக் கூடாது. மேட்டியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

'ஃபேர்வெல், ஃபேர்வெல்' பாடலுக்குத் தாம்ப்சன் வரி எழுதினார், மெட்டு 'வில்லி ஓ வின்ஸ்பரி' என்ற கதைப்பாட்டோடு பாடப்பட்டுவந்தது. மூன்று நிமிடம்கூட வராது. விடைபெறுகிற ஒருவரும் திரும்பி வரமாட்டாயா என்று கேட்கிறவரும் பேசிக்கொள்வது மாதிரி இருக்கும், யார், எங்கே, எதற்கு என்று தெரியாது. 20 வயது இளைஞன், அந்த மே மாதத்துக்குப் பிறகு எழுதியது. விபத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை, ஆனால் என்னால் அதை நினைக்காமல் இந்தப் பாட்டைக் கேட்க முடிவதில்லை.

மூன்றாவது, 'கிரேஸி மேன் மைக்கேல்'. வரி தாம்ப்சன், மெட்டு ஸ்வார்பிரிக். ஒரு அண்டங்காக்கை மைக்கேலிடம், உன் காதலி உன் வலக்கையாலேயே சாவாள் என்கிறது. கோபத்தில் கத்தியை எடுத்துக் காக்கையைக் குத்துகிறான். கீழே கிடப்பது அவள். பழைய பாட்டு என்றே நினைத்துவிடுவீர்கள், அந்த அளவுக்கு உள்வாங்கி எழுதியிருக்கிறார்கள். பழையதற்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க இதை மேட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். நடந்து முடிந்த பின் ஒருவன் அலைவதைத் தாம்ப்சன் எழுதுகிறார். பழைய பாட்டு அதை எழுதாது, புதைத்ததும் போய்விடும்.

நடன மெட்டுகளைப் பிடிப்பது எப்படி

ஆறாவது உருப்படியில் பாட்டு இல்லை, நான்கு நடன மெட்டுகளின் தொடர். எல்லாம் ஒரே மாதிரி வேகமாக ஓடுகிறது என்று தோன்றினால் கையால் தாளம் போட்டுப் பாருங்கள், நமக்கு அதற்குச் சொற்கட்டு கைவசம் இருக்கிறதே. முதல் மெட்டு 'தி லார்க் இன் தி மார்னிங்' ஜிக் வகை, தகிட தகிட என்று ஓடும். அடுத்து 'ரேக்கிஷ் பேடி' ரீல் வகை, தகதிமி தகதிமி. மூன்றாவது 'ஃபாக்ஸ்ஹண்டர்ஸ் ஜிக்' ஸ்லிப் ஜிக், தகிட மூன்று முறை சேர்ந்து ஒன்பது. கடைசி 'டாஸ் தி ஃபெதர்ஸ்' மறுபடி ரீல். எந்த இடத்தில் மாறுகிறது என்று இரண்டு மூன்று தடவை கேட்டால் கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்த பிறகு மேட்டியின் கடைசிப் பகுதியை ஒரு தடவை கேளுங்கள், அந்த ஓட்டம் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

முழு ஆல்பம், வரிசையாக

இப்போது எட்டையும் வரிசையாகக் கேளுங்கள். மேட்டியின் அந்தச் சூறாவளி அடங்கியதும் 'ஃபேர்வெல், ஃபேர்வெல்' வருவது எவ்வளவு பொருத்தம் என்று இப்போதுதான் தெரியும், முதல் பக்கம் அங்கே முடிகிறது. இரண்டாம் பக்கத்தில் 'டாம் லின்' முடிந்து மைக்கேல் வருவதும் அப்படியே: பிடியை விடாமல் காதலனை மீட்டவளுக்கு அடுத்து, தன் கையாலேயே காதலியை இழந்தவன்.

அசல் இசைத்தட்டு உறையின் உள்பக்கத்தில் பழைய ஊர்ச் சடங்குகள் பற்றியும், சைல்ட், செசில் ஷார்ப் போன்ற தொகுப்பாளர்கள் பற்றியும் படங்களோடு குறிப்புகள் இருக்கும். எங்கேயாவது பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள், இந்தக் குழு எவ்வளவு அக்கறையோடு இந்தப் பாடல்களைக் கையாண்டது என்பதற்கு அது அத்தாட்சி.

இதற்கப்புறம் எங்கே போவது

பின்னோக்கிப் போங்கள் என்பேன். ஜோன் பயஸ் 1962-இல் வெளியிட்ட கச்சேரி ஆல்பத்தில் மேட்டி குரோவ்ஸை ஒரே ஒரு கிதாரோடு பாடியிருக்கிறார். மார்ட்டின் கார்த்தியும் இதே ஸ்வார்பிரிக்கும் சேர்ந்து 1969-இல் செய்த 'பிரின்ஸ் ஹீதன்' ஆல்பத்தில் லிட்டில் மஸ்கிரேவ் கதையும் ரெய்னார்டைனும் இருக்கின்றன. அதே வருடம், அதே ஃபிடில்காரர், டிரம்ஸும் மின்சாரமும் இல்லாமல். கேட்டுவிட்டுத் திரும்பி வந்தால் ஃபேர்போர்ட் என்ன சேர்த்தது, எதை இழந்தது என்று உங்கள் காதே சொல்லும். இழந்ததும் உண்டு. கார்த்தி பாடும்போது சொற்களுக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது, ராக் தாளம் அந்த இடத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது.

ஒரு பாட்டு பிடித்துப்போய் அதன் மற்ற வடிவங்களைத் தேட வேண்டும் என்றால் பெயரை வைத்துத் தேடாதீர்கள், பெயர் ஊருக்கு ஊர் மாறும். எண்ணை வைத்துத் தேடுங்கள். சைல்ட் எண் தவிர, ஸ்டீவ் ரௌட் என்ற நூலகர் தொகுத்த ரௌட் அட்டவணை எண்ணும் உண்டு. மேட்டிக்கு ரௌட் 52, டாம் லின்னுக்கு ரௌட் 35. செசில் ஷார்ப் இல்லத்தில் இருக்கும் வான் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் தளத்தில் இந்த எண்ணைக் கொடுத்தால், வயலிலும் சத்திரத்திலும் பாடியவர்களிடமிருந்து யார் எப்போது எங்கே எழுதியெடுத்தார்கள் என்ற பதிவுகள் வரிசையாக வரும். இலவசம்தான்.

முன்னோக்கிப் போவதென்றால், இந்த ஆறு பேர் சேர்ந்து செய்த ஸ்டுடியோ ஆல்பம் இது ஒன்றுதான். வெளிவருவதற்கு முன்பே டென்னியும் ஹட்சிங்ஸும் விலகிவிட்டார்கள். ஹட்சிங்ஸுக்கு நாட்டார் பாடல்களுக்குள் இன்னும் ஆழமாகப் போக வேண்டியிருந்தது, ஸ்டீலை ஸ்பேன் குழுவைத் தொடங்கினார். அவர்களுடைய 1970 ஆல்பம் 'ஹார்க்! தி வில்லேஜ் வெய்ட்' உங்கள் அடுத்த ஆல்பமாக இருக்கட்டும். டென்னிக்குத் தன் பாடல்களை எழுத வேண்டியிருந்தது, ஃபாதரிங்கே குழுவைத் தொடங்கினார். 1978-இல் 31 வயதில் இறந்துபோனார். மீதி நான்கு பேர், புதிதாக வந்த டேவ் பெக்கோடு சேர்ந்து, 1970-இல் 'ஃபுல் ஹவுஸ்' செய்தார்கள்.

அங்கே ஒரு நல்ல பயிற்சி காத்திருக்கிறது. 'சர் பேட்ரிக் ஸ்பென்ஸ்' என்ற கப்பல் கவிழ்ந்த கதைப்பாட்டை டென்னி பாடிப் பதிவு செய்தது 'லீஜ் அண்ட் லீஃப்' மறுபதிப்பில் கூடுதல் பாடலாக இருக்கிறது, நாம் முதலில் தள்ளி வைத்தது அதைத்தான். அதே பாட்டை அவர் குழுவிலிருந்து விலகிய பிறகு ஆண்கள் பாடியது 'ஃபுல் ஹவுஸ்' ஆல்பத்தில் இருக்கிறது. கதை ஒன்றுதான்: அரசன் கட்டளைக்காகக் கெட்ட பருவத்தில் கடலுக்குப் போய் மூழ்குகிறார்கள். டென்னி வடிவத்தை முதலில் கேளுங்கள். அப்புறம் மற்றது. எதில் கப்பல் மூழ்குவது உங்களுக்குத் தெரிகிறது என்று பாருங்கள், எனக்கு டென்னியுடையதில்தான்.